இறுக்கம் தளர்ந்தால் போதுமா?

சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில், பாலக்கோடு வட்டத்தில் அமைந்துள்ள பேரூர் மாரண்டஹள்ளி. பெயரின் ஈற்றிலுள்ள 'ஹள்ளி' என்ற கன்னடச் சொல்லே இது எல்லைப்புற மண் என்பதைச் சொல்லிவிடும். தக்காளியும் மாவும் விளைவித்து வாழும் மக்கள். இத்தகைய ஊரில் ஒரு குழந்தை பிறந்து, ஓராண்டாகியும் உட்காராமல், கால்கள் இரண்டும் கத்தரிக்கோல்போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னி விறைக்கத் தொடங்கினால், அதன் பெற்றோர் யாரிடம் செல்வார்கள்?

முதலில் எண்ணெய் நீவும் பாட்டியிடம். பின்னர் நாட்டுக்கட்டு வைத்தியரிடம். தருமபுரி மருத்துவமனைக்குச் சென்றால் பயிற்சி சொல்லித் தருகிறார்கள். பெங்களூரில் ஊசி போடலாம் என்கிறார்கள். வேறொருவர் அறுவை செய்யவேண்டும் என்கிறார். கிருஷ்ணகிரி வழியாக வேலூர் சென்று வந்த உறவினர் ஒருவர் மாத்திரை ஒன்றைப் பற்றிப் பேசுகிறார். எல்லாரும் ஏதோ ஒன்றைச் சொல்கின்றனர். எவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், 'இதைச் செய்தால் நடந்துவிடுவானா, சாமி?' என்று கேட்கும் பெற்றோருக்கு விடை கிடைத்தபாடில்லை.

இந்த அறிவுரைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனிதரால், வெவ்வேறு கேள்விக்கு விடையாகப் பிறந்தவை. அவற்றின் வரலாற்றை அறிந்தால், எதை எப்போது நாடலாம் என்று எடைபோடும் தெளிவு நமக்கும் ஓரளவு வாய்க்கும். மருத்துவரின் இடத்தை எடுத்துக்கொள்வது நம் நோக்கமன்று. மருத்துவரின் முன் வாயடைத்து நிற்கும் பெற்றோர், கேட்கவேண்டிய கேள்விகளை அறிந்து செல்லவேண்டும் என்பதே நம் விருப்பம்.

நோயும் அதன் அடையாளமும்

மூளை முடக்குவாதம் என்பது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளை கருவிலோ, பிறப்பின் வேளையிலோ, பிறந்த சிறிது காலத்திலோ அடையும் ஊறினால் உண்டாவது. மூளையில் ஏற்பட்ட அந்த ஊறு மேலும் வளர்வதில்லை. ஆனால் அதன் விளைவு குழந்தையோடு சேர்ந்து வளர்கிறது. எலும்பு நீள்கிறது, விறைத்த தசை அதற்கு ஈடுகொடுத்து நீள்வதில்லை. எனவே மூன்று வயதில் நுனிக்காலில் நின்ற குழந்தை, பத்து வயதில் முழங்கால் மடங்கிக் கூனி நடக்கிறது.

விறைப்பு எவ்வாறு வருகிறது? ஒரு தசை இழுபடும்போது, அச்செய்தி உணர்வு நரம்பு வழியாகத் தண்டுவடத்தை அடைகிறது. தண்டுவடம் உடனே அத்தசையைச் சுருங்கச் சொல்கிறது. நலமுள்ள மூளை இந்தச் சுருக்கத்தைக் கடிவாளமிட்டு அடக்கி வைக்கும். மூளை ஊறுபட்டால் கடிவாளம் நழுவிவிடுகிறது. இழுக்க இழுக்கத் தசை எதிர்த்து இறுகுகிறது.

ஈண்டு ஒன்றை நினைவில் இருத்தவேண்டும். விறைப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. தசையின் வலுக்குறைவு, ஒரு தசையை மட்டும் தனித்து இயக்க இயலாமை, உடலின் சமநிலைக் குறைவு ஆகியவை விறைப்புக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. விறைப்பைத் தளர்த்தினால் இவை தாமாக நீங்கிவிடுவதில்லை. சில குழந்தைகள் அந்த விறைப்பையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கின்றன. ஊன்றுகோலை எடுத்துவிட்டால் நிற்பதும் போய்விடும். இந்த ஓர் உண்மையை மருத்துவ உலகம் முழுமையாக உணர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கத்தியின் வரலாறு

இந்நோயை முதன்முதலாகத் தெளிவாக விவரித்தவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில். 1810-இல் பிறந்த இவருக்கு, குழந்தைப் பருவத்தில் கண்ட நோயினால் ஒரு பாதம் கோணியிருந்தது. குதிகால் தசைநாணை வெட்டி நீட்டினால் பாதம் நேராகும் என்று பலர் எண்ணியதுண்டு. ஆனால் வெட்டிய புண் சீழ்ப்பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் என்ற அச்சம் அக்காலத்தில் இருந்தது. செருமனியின் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமையர் என்ற அறுவை மருத்துவர், தோலில் சிறு துளை மட்டும் இட்டு, உள்ளே நாணை வெட்டும் முறையைக் கண்டிருந்தார். லிட்டில் அவரை நாடிச் சென்று, 1836-இல் தம் காலையே அவருடைய கத்திக்கு ஒப்புக்கொடுத்தார். பாதம் நேரானது. ஊர் திரும்பிய லிட்டில் அதே முறையை இலண்டனில் கையாளத் தொடங்கினார்.

தசைநாணை நீட்டும் இந்த எண்ணத்தோடு குழந்தைகளை நோக்கிய லிட்டில், விறைத்த கைகால்களுடன் வரும் ஒரு சாரார் தம்மைப் போன்றோர் அல்லர் என்பதைக் கண்டார். 1843-இல் தம் விரிவுரைகளில் அவர்களை விவரித்தார். 1861-இல் மகப்பேறு மருத்துவர் கழகத்தின் முன், கடினமான பிரசவமும் குறைமாதப் பிறப்பும் பிறப்பின்போது மூச்சு முட்டுதலும் இதற்குக் காரணம் என்று எடுத்துரைத்தார். நெடுங்காலம் இந்நோய் 'லிட்டில் நோய்' என்றே வழங்கிற்று.

உள்ளத்தை ஆராய்ந்த மேதையாக நாம் அறிந்துள்ள சிக்மண்ட் பிராய்டு, அதற்கு முன்னர் நரம்பியல் மருத்துவராக இருந்தார். 1897-இல் குழந்தைகளின் மூளை முடக்குவாதம் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். கடினமான பிரசவம் காரணமாக இராமல், கருவிலேயே ஏற்பட்ட குறையின் விளைவாகவும் இருக்கலாம் என்பது அவர் எழுப்பிய ஐயம். பின்னாளைய ஆய்வுகள் அவ்வையத்தைப் பெரிதும் மெய்ப்பித்தன. பிரசவ வேளையின் விபத்து மட்டுமே காரணமாக அமைவது பலர் எண்ணுவதைவிடக் குறைவு. 'தாய் சரியாக முக்கவில்லை', 'யார் செய்த பாவமோ' என்று நம் ஊர்களில் தாயின் தலையில் பழி சுமத்துவோர் இதனைக் கருதிப் பார்ப்பார்களாக.

இருபதாம் நூற்றாண்டில் தசைநாண் அறுவை பெருகிற்று. ஓராண்டில் குதிகால், மறு ஆண்டில் முழங்கால், அடுத்த ஆண்டில் இடுப்பு என்று, பிறந்தநாள் தோறும் குழந்தைகள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தனர். ஓரிடத்தைத் தளர்த்தியதும் மற்றோரிடம் கோணியது. குதிகால் நாணை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால், நுனிக்காலில் நடந்த குழந்தை முழங்கால் மடிந்து தாழ்ந்து நடக்கும். இது முன்னையதினும் கேடு. ஆகவே இப்போது அறிவார்ந்த அறுவை மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. நடையை நுணுகி ஆராய்ந்து, இயன்றவரை குழந்தை சற்று வளரும்வரை பொறுத்து, செய்யவேண்டிய திருத்தங்கள் யாவற்றையும் ஒரே முறையில் செய்து முடிக்கின்றனர்.

நரம்பின் வேரில்

கத்தி தசையோடு நிற்கவில்லை. 1898-இல் ஆங்கில நாட்டு அறிஞர் ஷெரிங்டன், விறைத்த விலங்கின் தண்டுவடத்துக்குச் செல்லும் உணர்வு நரம்பு வேரை வெட்டினால் விறைப்பு நீங்குவதைக் காட்டினார். செருமானிய மருத்துவர் போர்ஸ்டர் 1908-இல் இதனை நோயாளிகளிடத்தில் செய்ததை வெளியிட்டார். விறைப்பு தளர்ந்தது. ஆனால் வேரை முழுதாக வெட்டியதால் உணர்ச்சியும் குன்றியது. எனவே அம்முறை மெல்லக் கைவிடப்பட்டது.

எழுபது ஆண்டுகளுக்குப் பின், இத்தாலியின் தூரின் நகரில் பசானோ என்பவர் நரம்பு வேர்களை நுண்ணிய இழைகளாகப் பிரித்து, மின்தூண்டலால் சோதித்து, சிலவற்றை மட்டும் வெட்டினார். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பணிபுரிந்த வார்விக் பீக்காக் 1980-களில் இதனை மேலும் செம்மைப்படுத்தினார். இன்று இம்முறை உலகின் பல நாடுகளில் நடைபெறுகிறது. ஆயினும் இது எல்லாக் குழந்தைக்கும் ஏற்றதன்று. குறைமாதத்தில் பிறந்து, கால்களில் மட்டும் விறைப்பு மிகுந்து, அடியில் நல்ல வலுவும் அறிவுத் தெளிவும் உடைய, ஏறக்குறைய நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளே பெரும்பாலும் இதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வெட்டிய நரம்பை மீண்டும் ஒட்ட இயலாது. அறுவைக்குப் பின் பல மாதங்கள் இடைவிடாத பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு வழியில்லாத குடும்பத்துக்கு இவ்வறுவையைப் பரிந்துரைப்பது, விதைத்துவிட்டு நீர் பாய்ச்ச வழி செய்யாமல் போவதற்கு ஒப்பாகும்.

கைகளின் வரலாறு

கத்திக்கு மாற்றாகக் கைகளை நம்பியோரும் உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகர் மருத்துவர் வின்த்ராப் பெல்ப்ஸ், இரும்புக் கட்டுகளாலும் ஒழுங்கான உடற்பயிற்சியாலும் குழந்தைகளைப் பழக்கினார். பெர்லினிலிருந்து இலண்டனுக்குத் தஞ்சம் புகுந்த பெர்த்தா பொபாத்தும் அவர் கணவர் மருத்துவர் காரல் பொபாத்தும், குழந்தையின் உடலைக் கையாளும் விதத்தாலேயே விறைப்பைத் தணித்து இயல்பான அசைவைக் கொணர முடியும் என்றனர். அவர்களுடைய முறை உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டு இயன்முறை மருத்துவர் பலரும் அதனையே கற்றனர்.

காலம் இம்முறையையும் சோதித்தது. பல்வேறு மருத்துவ முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013-இல் ஆஸ்திரேலிய அறிஞர் இயோனா நோவாக்கும் தோழரும் வெளியிட்ட மதிப்பீட்டில், மற்றவர் கையால் அசைத்து இயல்பாக்கும் முறைக்குப் போதிய சான்றில்லை என்று கண்டனர். மாறாக, குழந்தை தானே விரும்பும் ஒரு செயலை, தானே முயன்று, மீண்டும் மீண்டும் பயில்வதற்கு நல்ல சான்று இருந்தது. அச்செயல் தட்டிலிருந்து இட்லியை எடுத்து உண்பதாகலாம், கதவைத் திறப்பதாகலாம், திண்ணையிலிருந்து இறங்குவதாகலாம். வீட்டிலேயே பெற்றோர் நடத்தும் பயிற்சிக்கும் அவ்வாறே நல்ல சான்று இருந்தது. பொபாத் தம்பதியர் தம் வாழ்நாளை இக்குழந்தைகளுக்கே ஈந்தவர்கள். அவர்களுடைய முறை மாறினாலும் அவர்கள் காட்டிய அக்கறை மாறவேண்டியதில்லை.

வேலூர் தந்த பாடம்

நம் தமிழ்நாட்டில் இச்சிந்தனைக்கு வித்திட்ட இடம் வேலூர். கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு வேறு தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, கைகளை மீண்டும் இயங்கச் செய்தார். திருந்திய கைக்குத் தொழில் பழக்காவிட்டால் அறுவை வீண் என்பதையும் அவர் கண்டார்.

அதே கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அத்தோடு வாழ்வு முடிந்ததென்று அவர் கருதவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளரை உள்ளிருத்தி மறுவாழ்வு அளிப்பதில் இந்தியாவுக்கே அது முன்னோடி. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மேரி வர்கீசின் கால்கள் மீளவில்லை. ஆயினும் அவருடைய பணி மீண்டது. உடலின் குறை நீங்குவதும் மனிதர் தம் வாழ்வைப் பெறுவதும் ஒன்றல்ல என்பதற்கு அவரைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. விறைத்த கால்களையுடைய குழந்தையின் பெற்றோர் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது இதுவே.

மருந்தும் நஞ்சும்

இனி மருந்துகளைக் காண்போம். 1960-களில் புழக்கத்துக்கு வந்த டயசிபாம், மனப்பதற்றத்துக்கென்று தரப்பட்ட மருந்து. அது தசையையும் தளர்த்தியது. பேக்லோபென் என்ற மருந்து வலிப்புக்கென்று 1962-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. வலிப்புக்கு அது பயன்படவில்லை, விறைப்புக்குப் பயன்பட்டது. வாய்வழி உட்கொள்ளும்போது உடல் முழுவதும் பரவுவதால் இவ்விரண்டும் தூக்கத்தையும் சோர்வையும் தரலாம். தொடர்ந்து உட்கொண்டுவரும் பேக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு முதலிய பெருந்தீங்கு நேரும். மாத்திரை தீர்ந்துவிட்டதென்று அறுவடை முடியும்வரை காத்திருக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது இம்மருந்தில் ஆகாது. 1984 முதல், வயிற்றுத் தோலுக்கடியில் சிறு எக்கி ஒன்றைப் பதித்து, அதனைத் தண்டுவட நீரில் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் முறையும் வந்தது. எக்கியை அவ்வப்போது நிரப்பவேண்டும். அதன் செலவும் மிகுதி.

2005-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. விறைப்புள்ள நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை மூன்று சாராராகப் பிரித்து, இரு சாராருக்கு இரவில் உறங்குமுன் மிகச் சிறு அளவில் டயசிபாமும், ஒரு சாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. மருந்து பெற்ற குழந்தைகளின் விறைப்பு தணிந்தது. காலையில் பயிற்சி செய்விக்க எளிதாயிற்று. பகலில் சோர்வும் தென்படவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க நரம்பியல் கழகம் வகுத்த நெறிமுறைக்கு, இந்த எளிய மாத்திரை பற்றிய வலுவான சான்றாக நின்றது நம் வேலூரின் ஆய்வே. ஏழைக் குடும்பங்களுக்கு எட்டும் விலையுள்ள ஒரு பொருளை ஆராயவேண்டும் என்று அவர்கள் எண்ணியதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். எனினும் இதனைத் தாமாக வாங்கிக் கொடுப்பது பெரும் ஆபத்து. மூச்சுத் தடையும் பழக்கமாகும் இயல்பும் உடைய மருந்தாதலால், குறுகிய காலத்துக்கு, மருத்துவர் குறித்த அளவில் மட்டுமே தருவதற்குரியது.

இனி ஊசி. 1820-களில் செருமனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், கெட்டுப்போன இறைச்சிக் குழல்களை உண்டவர்கள் தசை செயலிழந்து மடிந்தனர். மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர் அதனை ஆராய்ந்து, இந்நஞ்சை மிகச் சிறிதளவில் தந்தால் மிகைப்பட்ட நரம்புச் செயலை அடக்கலாமே என்று அன்றே எழுதினார். 1895-இல் பெல்ஜியத்தில் கெட்ட இறைச்சியால் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்த வான் எர்மெங்கம், நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். சான்பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், 1980-இல் மாறுகண்ணைத் திருத்த அதே நஞ்சை ஊசிவழியாகப் பயன்படுத்திக் காட்டினார். 1990-களின் தொடக்கத்தில் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் கால்தசைக்கும் அது வந்தது. இதுவே போட்டுலினம் நஞ்சு ஊசி.

குறிப்பிட்ட ஒரு தசையை இது உறுதியாகத் தளர்த்துகிறது. ஆனால் அத்தளர்ச்சி மூன்று அல்லது நான்கு மாதங்களே நீடிக்கும். அந்தக் குறுகிய பருவத்தில் மாவுக்கட்டு, காலணைப்பு, பயிற்சி ஆகியவற்றைக் கொண்டு தசையை நீட்டிப் பழக்கினால் பயனுண்டு. இல்லையேல் பணம் போனதுதான் மிச்சம். எலும்போடு நிலைத்துச் சுருங்கிவிட்ட தசையில் இவ்வூசி பயன்தராது. மீண்டும் மீண்டும் போடுவதால் தசை மெலிந்து, அம்மெலிவு நெடுநாள் நீடிக்கக்கூடும் என்றும் அண்மைக் கால ஆய்வாளர் எச்சரிக்கின்றனர். ஏற்கெனவே வலுக்குறைந்த தசைக்கு இது சிறிய செய்தியன்று.

எடைபோடும் முறை

இவ்வளவையும் கண்டபின், எதைத் தேர்வது? ஒரே விறைப்பையுடைய மூன்று குழந்தைகளை எண்ணிப் பார்ப்போம். முதற்குழந்தை நடக்கிறது, நுனிக்காலில் நடப்பதால் அடிக்கடி விழுகிறது. இரண்டாவது குழந்தை இரு கால்களும் பின்ன, ஊன்றுகோலோடு தத்தித் தத்திச் செல்கிறது. மூன்றாவது குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. தொடைகளை விரிக்க முடியாததால் தாய் கழுவிவிடவும் துணி மாற்றவும் அல்லற்படுகிறாள். இரவெல்லாம் அது வலியால் அழுகிறது. முதற்குழந்தைக்கு ஊசியும் மாவுக்கட்டும் காலணைப்பும் போதுமானவையாகலாம். இரண்டாவது குழந்தைக்கு நரம்பு வேர் அறுவையைப் பற்றியோ பின்னாளைய எலும்பு அறுவையைப் பற்றியோ ஆராயலாம். மூன்றாவது குழந்தைக்கு நடை குறிக்கோளாகாது. வலியின்றி உறங்குவதும், சாய்ந்து உட்கார்வதும், தாயின் முதுகு முறியாதிருப்பதுமே அதற்குப் பெரும்பேறு. அதற்கென்று தரும் மாத்திரையோ எக்கியோ இடுப்பு அறுவையோ தோல்வியின் அடையாளமாகாது.

1997-இல் பாலிசானோவும் தோழரும் குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து படிகளாக வகுத்தனர். 'என் குழந்தை எந்தப் படியில் இருக்கிறது?' என்பது பெற்றோர் கேட்கவேண்டிய முதற்கேள்வி. இப்படி பெரும்பாலும் மாறுவதில்லையாதலால், எதை எதிர்பார்க்கலாம் என்பது அதனால் விளங்கும். 'தளர்த்துவதால் என் குழந்தை எதைப் புதிதாகச் செய்யும்?' என்பது இரண்டாவது. 'இதன் பயன் எத்தனை நாள்? மீட்க இயலாத மாற்றமா?' என்பது மூன்றாவது. 'பின்னர் செய்யவேண்டிய பயிற்சியை எங்கள் ஊரில் யார் செய்விப்பார்?' என்பது நான்காவது. 'செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?' என்பது ஐந்தாவது. இவற்றைக் கேட்பதால் நல்ல மருத்துவர் எவரும் சினங்கொள்ளார்.

ஐந்தாவது கேள்வியில் ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. இக்குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தொடை எலும்பின் தலை, இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவுகிறது. நடக்கவே இயலாதவர்களுக்கு இவ்வாபத்து மிக அதிகம். தொடக்கத்தில் வலி இராது. பெற்றோர் கண்ணுக்கும் தெரியாது. சுவீடன் நாட்டில் 1994 முதல், ஒழுங்காக எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்து, காலத்தில் மருத்துவம் செய்ததால், மூட்டு முற்றிலும் நழுவுவது மிகவும் அருகிவிட்டது. ஊசிக்கும் அறுவைக்கும் அலையும் நாம், ஓர் எளிய எக்ஸ்ரே படத்தை மறந்துவிடுகிறோம்.

பொய்த்த நம்பிக்கைகள்

எடைபோடும் இடத்தில் ஏமாற்றத்துக்கும் கடை விரிப்பவர்கள் உண்டு. அழுத்தமிட்ட உயிர்வளி அறையில் குழந்தையை வைத்தால் மூளை தெளியும் என்றனர் சிலர். 2001-இல் கனடாவில் 111 குழந்தைகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். உயிர்வளி பெற்றவர்களும் முன்னேறினர். சற்றே அழுத்தமிட்ட வெறுங்காற்றைப் பெற்றவர்களும் அதே அளவு முன்னேறினர். குழந்தைகள் இயல்பாகவே வளர்கின்றன. பெற்றோரின் கவனம் கூடும்போது மேலும் வளர்கின்றன. அந்த வளர்ச்சிக்கு விலை குறித்து விற்பவர் பலர்.

ஸ்டெம்செல் என்னும் குருத்தணு மருத்துவமும் அத்தகையதே. 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த நெறிமுறைப்படி, குருதி நோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர்த்து, ஏனையவற்றுக்கு இதனை முறையான ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஆய்வில் சேர்வோரிடம் கட்டணம் பெறலாகாது. மூளை முடக்குவாதம் விலக்குப் பெற்ற நோய்களில் ஒன்றன்று. எனவே, பணம் கட்டச் சொன்னாலே சந்தேகிக்கலாம். நம் அண்டை மாநிலமான கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில், 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது, ஊனமுற்ற குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர். அப்பெற்றோரை ஏளனம் செய்பவர், நகரத்தில் நிலத்தை விற்றுக் குருத்தணு வாங்குபவரையும் எண்ணிப் பார்க்கட்டும். இரு சாராரும் அன்பினாலேயே அவ்வாறு செய்தனர். அவர்களுக்கு உண்மையைச் சொல்லும் ஒருவர் அருகில் இருந்ததில்லை.

தளர்ச்சிக்கு அப்பால்

1972-இல் பம்பாயில் மித்து ஆலூர், தம் மகள் மாலினி சிப்புக்குப் பள்ளிகளில் இடமில்லாத நிலையில், இக்குழந்தைகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1985-இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய பள்ளி, இன்று 'வித்யா சாகர்' என்ற பெயரால் அறியப்படுகிறது. மாலினி சிப் இலண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்களைப் பெற்றார். ஒரே சிறு விரலால் தட்டச்சு செய்து தம் வரலாற்றை எழுதி, 2010-இல் நூலாக வெளியிட்டார். அவருக்கு எழுதும் வழியும் படிக்கும் வாய்ப்பும் கிடைத்தன. உடலின் விறைப்பு நீங்கும்வரை அவர் காத்திருக்கவில்லை.

நம் பகுதியிலும் வாய்ப்புகள் முன்பைவிடப் பெருகியுள்ளன. தருமபுரியில் 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் குழுவினர் வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளைக் கண்டு, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகின்றனர். அருகிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இயன்முறை மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் குறித்தே ஏற்றுள்ளது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நடைபெறும் 'நிராமயா' காப்பீட்டில், ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெற வழியுண்டு. இயன்முறைப் பயிற்சியும் அதில் அடங்கும். இவற்றை அறியாமலேயே வட்டிக்குக் கடன் வாங்குவோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

பங்கு மக்களாகிய நமக்கும் இதில் வேலை உண்டு. தக்காளி பறிக்கும் பருவத்தில் அந்தத் தாய் வேலைக்குப் போனால், காலைப் பயிற்சியை யார் செய்விப்பது? மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் மற்றப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? சக்கர நாற்காலியை ஏற்ற நம் கோயிலின் வாயிற்படியில் சாய்தளம் உண்டா? மறைக்கல்வி வகுப்பில் அக்குழந்தைக்கு இடம் உண்டா? ஊசியின் பயன் மூன்று மாதம். அறுவையின் பயன் பயிற்சியைப் பொறுத்தது. அப்பயிற்சி அண்டை வீட்டாரைப் பொறுத்தது. கால்கள் நேராகுமா என்ற கேள்விக்கு மருத்துவர் விடை சொல்லட்டும். அக்குழந்தை நம் தெருவில் விளையாடுமா, நம் பள்ளியில் படிக்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் நாம். இந்த வாரமே அவ்வீட்டுக் கதவைத் தட்டி, 'பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள், ஒரு நாள் நாங்கள் செய்விக்கிறோம்' என்று சொல்வோமாக.